கருவியைச் சோதிக்கும் கருவி: ஃபோர்டு மாடல் டி சுருள் சோதனைக்கருவிக்கு மாற்றுப் பாகங்கள் செய்தல் குறித்த வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஃபோர்டு மாடல் டி கார் 1908 முதல் 1927 வரை உற்பத்தியானது. அதன் பற்றவைப்புச் சுருள்களைச் சரிபார்ப்பதற்குக் கையால் சுழற்றி இயக்கும் சோதனைக்கருவி ஒன்று பழுதுபார்க்கும் கூடங்களில் பயன்பட்டது. எஞ்சியுள்ள அக்கருவிகளுக்கு மாற்றுப் பாகங்கள் செய்யும் தொழிலை இக்கட்டுரை ஆராய்கிறது. காரின் பாகம் உரிய இடத்தில் பொருந்தி உழைத்தால் போதும். சோதனைக்கருவியின் பாகமோ பொருந்துவதோடு பழைய அளவையே காட்டவும் வேண்டும். ஆகவே இங்குப் பாகம் செய்வது என்பது மறைந்துபோன ஓர் அளவுமுறையை மீண்டும் நிறுவுவதாக அமைகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: மாடல் டி, பற்றவைப்பு, மாக்னெட்டோ, சோதனைக்கருவி, மாற்றுப் பாகம், அளவுத்திருத்தம், பராமரிப்பு வரலாறு

முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு பொறியை முதலில் செய்தவர் யார், எந்த ஆண்டில் என்னும் வினாக்களுக்குக் கிடைத்த இடம், அப்பொறி பின்னர் எத்தனை ஆண்டுகள் யார் கையால் பழுதுநீக்கப்பட்டு உழைத்தது என்னும் வினாவுக்குக் கிடைக்கவில்லை. டேவிட் எட்ஜர்ட்டன் 2006-இல் வெளியிட்ட ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ என்னும் நூல் இப்போக்கை மறுத்து, பயன்பாட்டையும் பராமரிப்பையும் முன்னிறுத்தியது. அடுத்த ஆண்டில் கெவின் போர்க் அமெரிக்க மோட்டார் மெக்கானிக்குகளின் தொழிலறிவு பற்றித் தனிநூல் ஒன்றை வெளியிட்டார். இவ்வழியில் சென்று காணத்தக்க ஒரு பொருள்வகை, மெக்கானிக்குகள் கையாண்ட சோதனைக்கருவிகளாகும்.

பழைய காருக்கு உரிமையாளர் உண்டு; அதனைப் போற்றும் சங்கங்கள் உண்டு; அருங்காட்சியகத்தில் இடமும் உண்டு. காரைச் சோதித்த கருவிக்கு இவற்றுள் எதுவும் எளிதில் வாய்ப்பதில்லை. கூடத்தின் மூலையில் நின்ற அது, கார் வழக்கொழிந்த நாளில் பழைய இரும்பாக எடை போடப்பட்டது. ஆயினும் மீட்டெடுக்கப்பட்ட கார் ஒன்று சரிவர ஓடவேண்டுமாயின் அதன் பற்றவைப்பு அமைப்பை முறைப்படி சரிபார்த்தாக வேண்டும். அப்போது காரைவிட அரிதாகிவிட்ட கருவி தேவைப்படுகிறது. அக்கருவியும் பழுதுபட்டிருந்தால் அதற்குரிய பாகத்தை யாரேனும் செய்தாக வேண்டும். இச்சூழலுக்கு மிகத் தெளிவான சான்றாக அமைவது மாடல் டி காரின் சுருள் சோதனைக்கருவி.

மாடல் டி காரின் பற்றவைப்பு முறை

முதல் மாடல் டி கார் 1908-இன் இறுதியில் டெட்ராய்ட் நகரின் பிக்கெட் சாலைத் தொழிற்கூடத்திலிருந்து வெளிவந்தது. 1927 மே மாதத்தில் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது அதன் எண்ணிக்கை ஒன்றரைக் கோடியைக் கடந்திருந்தது. பிரிட்டனும் அயர்லாந்தும் நீங்கலான பிரித்தானியப் பேரரசுப் பகுதிகளுக்குக் கனடா ஃபோர்டு நிறுவனமே கார்களை அனுப்பும் உரிமை பெற்றிருந்தது. இந்தியாவும் இலங்கையும் அச்சந்தைக்குள் அடங்கின. எந்நாட்டுச் சாலையில் ஓடினும் இக்காரின் மின்னமைப்பு ஒன்றே.

அவ்வமைப்பின் மூலம் ஃப்ளைவீலில் உள்ளது. ஃப்ளைவீலின் முகத்தில் 16 காந்தங்கள் வட்டமாகத் திருகப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் வளைந்த இரும்புப் பட்டை. அடுத்தடுத்த காந்தங்களின் ஒத்த முனைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்குமாறு அவை பொருத்தப்பட்டன. அவற்றுக்கு எதிரே அசையாத வளையம் ஒன்றில் 16 செப்புச் சுருள்கள் இருந்தன. எஞ்சின் சுழலும்போது காந்தங்கள் இச்சுருள்வளையத்தின் அருகே கடந்து செல்ல, குறைந்த மின்னழுத்தம் கொண்ட மாறுதிசை மின்னோட்டம் உண்டாயிற்று. ஃபோர்டின் உடனுழைப்பாளர் எட்வர்ட் ஹஃப் இம்மாக்னெட்டோவின் ஆக்கத்தில் முதன்மைப் பங்கு வகித்தவர். மின்கலம் விலை மிகுந்ததாகவும் நம்பத்தகாததாகவும் இருந்த காலத்தில், ஓடும் எஞ்சினே தனக்கு வேண்டிய மின்சாரத்தை ஆக்கிக்கொண்டது இக்காரின் பரவலுக்குத் துணைநின்ற காரணங்களுள் ஒன்று எனலாம்.

இம்மின்னோட்டம் டைமர் எனப்பட்ட சுழல்தொடுப்பின் வழியே, மரப்பெட்டியில் வரிசையாக நின்ற நான்கு சுருள்களுக்கு முறைப்படி பகிரப்பட்டது. ஒரு சிலிண்டருக்கு ஒரு சுருள். இங்கு நோக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. ஃப்ளைவீல் ஒருமுறை சுற்றும்போது 16 மின்துடிப்புகள் எழுகின்றன, அதாவது 22.5 பாகைக்கு ஒரு துடிப்பு. டைமர் எப்போது தொடுத்தாலும் துடிப்பு எழுந்து போதிய வலிமை பெற்ற பின்னரே தீப்பொறி பிறக்கும். எனவே தீப்பொறி நேரம் தொடர்ச்சியாக முன்பின் நகர்வதில்லை, படிப்படியாகத் தாவுகிறது. அந்தத் தாவலுக்குள் நான்கு சுருள்களும் ஒரே கணத்தில் விழிக்க வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் எஞ்சின் தடுமாறும், ஆற்றல் குறையும், கையால் சுழற்றிக் கிளப்புவது கடினமாகும்.

சுருளின் அகம்

மரக்கூட்டினுள் இரும்பு உள்ளகம், முதன்மைச் சுருள், துணைச் சுருள், தாள் மின்தேக்கி ஆகியவற்றை வைத்துக் கீல் ஊற்றி அடைத்த பொருளே மாடல் டி சுருள். தொடக்க ஆண்டுகளில் ஹைன்ஸ், கிங்ஸ்டன், ஜேக்கப்சன்-பிராண்டோ, கிளீவ்லாந்து நகரின் கே-டபிள்யூ முதலிய பல நிறுவனங்கள் வெவ்வேறு வடிவில் இதனைச் செய்து அளித்தன. 1910-களின் நடுப்பகுதிக்குள் கே-டபிள்யூ வடிவம் நிலைபெற்றது. பிற்காலத்தில் ஃபோர்டே இவற்றைச் செய்யத் தொடங்கினார்.

கூட்டின் மேற்புறத்தில் அதிர்தகடு ஒன்று உண்டு. முதன்மைச் சுருளில் மின்னோட்டம் உயர உயர உள்ளகம் காந்தமாகி அத்தகட்டை இழுக்கும். இழுபட்ட கணத்தில் தொடுமுனைகள் பிரியும்; மின்னோட்டம் அறும்; துணைச் சுருளில் உயர் மின்னழுத்தம் எழுந்து ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறியாகும். ஆகவே தகட்டின் விறைப்பே தீப்பொறியின் கணத்தை வரையறுக்கிறது. விறைப்பு மிகுந்தால் மிகுதியான மின்னோட்டம் வரும்வரை முனைகள் பிரியா; தீப்பொறி தாமதமாகும். விறைப்பு குறைந்தால் வலுவற்ற தீப்பொறி முன்கூட்டியே எழுந்துவிடும்.

இதனினும் நுண்ணிய பாகம் ஒன்று மேல்முனையில் உள்ளது. மேல்முனை உறுதியான தகட்டில் அல்லாது, அதன்மேல் ஆணியடித்து இணைத்த மெல்லிய துணைத்தகட்டில் அமர்ந்திருக்கும். அதிர்தகடு கீழிறங்கத் தொடங்கும்போது மேல்முனையும் அதனைப் பின்தொடர்ந்து ஏறக்குறைய 0.005 அங்குலம் இறங்கி, ஆணியின் தலையில் முட்டி நிற்கும். அதற்குள் அதிர்தகடு வேகம் பெற்றுவிடுவதால் முனைகள் தயக்கமின்றிப் படீரெனப் பிரிகின்றன. இந்த 0.005 அங்குலம் இல்லையெனில் முனைகள் மெதுவாக விலகும். இடையே தீய்ந்து மீண்டும் தொடும். ஒரே துடிப்பில் வலுவற்ற இரண்டு மூன்று தீப்பொறிகள் தோன்றும். தொடுமுனைகளின் இடைவெளியாகிய 1/32 அங்குலத்தைக் கண்ணால் மதிப்பிடலாம். துணைத்தகட்டின் இயக்கம் கண்ணுக்கு அகப்படாது. இதனைக் கண்டறியவே கருவி வேண்டியதாயிற்று.

கையால் சுழலும் கருவி

சுருளைச் சோதிக்க இரு வகைக் கருவிகள் வழக்கில் இருந்தன. முதலாவது, மின்கலத்தில் இயங்கும் சிறு பெட்டி. சுருளை அதில் வைத்தால் ரீங்கரிக்கும்; அம்மீட்டரில் முள் அசையும். மலிவானது, எளியது. ஆயின் அது காட்டுவது பல துடிப்புகளின் சராசரி மட்டுமே. இரட்டைத் தீப்பொறி தரும் கெட்ட சுருளும் அதில் நல்ல எண்ணைக் காட்டக்கூடும்.

இரண்டாவது வகை எடை மிக்கது. மாடல் டி காரின் ஃப்ளைவீலையும் காந்தங்களையும் சுருள்வளையத்தையும் ஒரு வார்ப்பிரும்புச் சட்டத்தில் அப்படியே ஏற்றிக் கைப்பிடி ஒன்றைப் பொருத்திய கருவி அது. சோதிக்க வேண்டிய சுருளை அதற்குரிய கூட்டில் செருகிக் கைப்பிடியைச் சுழற்றினால், காரில் எத்தகைய மின்னோட்டம் கிடைக்குமோ அத்தகைய மின்னோட்டமே சுருளுக்குக் கிடைக்கும். அச்சின் முன்புறத்தில் ஓர் உலோக முள் உடன் சுழலும். அதனைச் சூழ்ந்து உலோக வளையம் இருக்கும். முள்ளுக்கும் வளையத்துக்கும் இடையே தீப்பொறி பாயும். நல்ல சுருளாயின் ஒரு சுற்றில் 16 தீப்பொறிகள் சம இடைவெளியில் வளையத்தைச் சுற்றிப் பூத்து நிற்கும். ஒன்று தவறினால் இடைவெளி தெரியும். இரட்டித்தால் அருகே மற்றொன்று தெரியும். தாமதித்தால் இடம் பிறழும். அதே வேளையில் அம்மீட்டர் 1.3 ஆம்பியரைக் காட்ட வேண்டும் என்பது கூடங்களின் விதி.

சீரற்ற மனிதக் கையைக்கொண்டு எவ்வாறு நுண்ணளவு எடுக்க இயலும் என்னும் ஐயம் எழலாம். இங்குக் கருவியின் இயற்பியலே துணைநிற்கிறது. சுழற்சி வேகம் கூடினால் மாக்னெட்டோவின் மின்னழுத்தம் கூடுகிறது. அதே அளவில் அதிர்வெண்ணும் கூடுவதால் சுருளின் எதிர்ப்பும் கூடுகிறது. ஒன்று மற்றொன்றை ஈடுசெய்ய, குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் மின்னோட்டம் பெரிதும் மாறுவதில்லை. வலிய கையும் மெலிந்த கையும் ஏறத்தாழ ஒரே எண்ணைப் பெற்றன. கருவியை வடிவமைத்தோரின் கூர்மைக்கு இது சான்று.

சந்தை மறைந்த பின்

1927 இறுதியில் வெளிவந்த ஃபோர்டு மாடல் ஏ கார் மின்கலம், ஒற்றைச் சுருள், டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் முறையைக் கைக்கொண்டது. சார்லஸ் கெட்டரிங் 1910 அளவில் காடிலாக் கார்களுக்காக ஆக்கிய முறையின் வழிவந்தது அது. அதற்குரிய சோதனைக்கருவிகள் வேறு. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றி, பாகை குறித்த வளையத்தில் ஒளிவீச்சால் தீப்பொறிக் கணத்தைக் காட்டும் பொறிகளைச் சிகாகோவின் சன் எலக்ட்ரிக் முதலிய நிறுவனங்கள் பின்னர்ப் பெருமளவில் விற்றன. அவ்வகையில் தேய்வன ரப்பர் உருளைகளும் குழல்விளக்குகளும் ஆகும். அவற்றுக்கு ஈடு காண்பது பெரும்பாலும் கடைச் சரக்கைத் தேடும் வேலை.

மாடல் டி நின்றபோது ஒரு கோடிக்கும் மேற்பட்ட கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. எனவே ஃபோர்டு நிறுவனம் உதிரிப்பாகங்களைத் தொடர்ந்து வழங்கியது. மாற்று எஞ்சின்கள் 1941 வரையும் செய்யப்பட்டன. ஆயினும் புதிய சோதனைக்கருவிகளை வாங்க எவருக்கும் காரணம் இல்லாது போயிற்று. இரண்டாம் உலகப் போர்க்கால இரும்புச் சேகரிப்பு எஞ்சியவற்றுள் பலவற்றை விழுங்கிற்று. கார்களைப் போற்றும் சங்கங்கள் வலுப்பெற்றது பெரும்பாலும் அதன் பின்னரே: சர்வதேச மாடல் டி சங்கம் 1952-இலும் அமெரிக்க மாடல் டி சங்கம் 1965-இலும் தோன்றின. காருக்கு மதிப்பு வந்தபோது கருவி அரிதாகியிருந்தது.

ஆவண நிலையும் இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது. காரின் பாகங்களுக்குரிய ஃபோர்டு வரைபடங்கள் டியர்போர்னில் உள்ள பென்சன் ஃபோர்டு ஆய்வு மையத்தில் பேணப்பட்டுள்ளன. பொருள், பரிமாணம், அனுமதிக்கப்பட்ட வேறுபாடு, மாற்றம் செய்த நாள் ஆகியன அவற்றில் குறிக்கப்பட்டுள்ளன. சோதனைக்கருவிகளையோ வெளியிலிருந்த கருவி நிறுவனங்களும் செய்தன. அத்தகைய கருவிக்குப் பாகம் செய்வோருக்கு மிஞ்சியிருக்கும் மாதிரி, தேய்ந்துபோன பாகமே. தேய்ந்ததை அளந்து புதியதைச் செய்தால் தேய்மானமும் படியெடுக்கப்படும் என்பது கடைசல்காரர் அனைவரும் அறிந்த இடர்.

காந்தங்களும் சுருள்வளையமும்

கருவியின் நெஞ்சமாகிய மாக்னெட்டோ, காரின் பாகமே என்பது பெரும் வாய்ப்பு. பழைய எஞ்சினிலிருந்து காந்தங்களையும் வளையத்தையும் கழற்றிப் பயன்படுத்தலாம். எனினும் அவை நூறு ஆண்டு பழையவை. மாடல் டி காந்தங்கள் அல்நிகோ முதலிய நவீனக் காந்தப் பொருள்களுக்கு முற்பட்ட எஃகு; 1931-இல் ஜப்பானியர் மிஷிமா தொகுஷிச்சி கண்ட கலப்பு எஃகிலிருந்தே அல்நிகோ வளர்ந்தது. பழைய எஃகுக் காந்தம் தன் காந்தத்தன்மையை எளிதில் இழக்கும். அதனால்தான் அது நீண்டு வளைந்த வடிவில் செய்யப்பட்டது. ஃப்ளைவீலிலிருந்து கழற்றிய காந்தத்தின் முனைகளை இரும்புத்துண்டால் இணைத்து வைக்காவிடினும், கீழே போட்டாலும், சூடேற்றினாலும் அது மெலியும்.

மெலிந்ததை மீண்டும் ஏற்றலாம். வலிய மின்காந்தத்தின் முனைகளில் காந்தத்தைப் பொருத்தி நேர்திசை மின்னோட்டத்தைச் செலுத்துவதே முறை. முனைகளின் திசையைக் காந்த ஊசியால் சரிபார்க்காமல் ஏற்றினால் ஒரு காந்தம் திரும்பி நிற்கும். 16 துடிப்புகளுள் அதன் பங்கு கெடும். எல்லாக் காந்தங்களையும் ஒரே வலிமைக்குக் கொண்டுவருவதும் இன்றியமையாதது. காரில் ஒரு காந்தம் சற்று மெலிந்தாலும் எஞ்சின் ஓடும். சோதனைக்கருவியில் அது குற்றமற்ற சுருளின்மீது குற்றம் சாட்டும்.

சுருள்வளையத்தில் உள்ள சுருள்கள் துணிநாடா சுற்றிய செப்புப்பட்டையால் ஆனவை. ஒன்று வலம், அடுத்தது இடம் என மாற்றிச் சுற்றித் தொடராக இணைத்தவை. துணி மட்கி, எண்ணெய் ஊறி, செப்பு இரும்பைத் தொட்டுவிடுவதே வழக்கமான பழுது. பிரித்துப் புதிய நாடா சுற்றி, பூச்சு இட்டு, சூளையில் உலர்த்துவது பொறுமை கோரும் வேலையே ஒழியப் புதிரான வேலை அன்று. புதிர் பொருத்தும்போது வருகிறது. காந்தத்துக்கும் சுருளுக்கும் இடையிலான காற்றிடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 25 முதல் 40 பங்குவரை எனக் கொள்ளப்படுகிறது. சுற்றிலும் ஒவ்வோர் இடத்திலும் அளந்து, உலோகத் தகடுகளை வைத்துச் சமன் செய்ய வேண்டும். எஞ்சினின் வேகத்தோடு ஒப்பிடக் கை சுழற்றும் வேகம் குறைவாதலால் இடைவெளி மிகுந்தால் கருவி உடனே சோர்வைக் காட்டும்.

சிலர் எஃகுக் காந்தங்களை விட்டு நியோடிமியக் காந்தங்களைப் பொருத்துகின்றனர். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிதோமோ ஆய்வகமும் ஃபோர்டின் நெடுநாள் போட்டியாளரான ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகமும் தனித்தனியே கண்ட பொருள் அது. இன்று ஃபோர்டு கருவிக்குள் புகுந்திருப்பது வரலாற்றின் சிறு குறும்பு. வலிமையில் அதற்கு நிகரில்லை. ஆனால் வலிமையே இங்குச் சிக்கலுக்குக் காரணமாகிறது. வலிய காந்தம் துடிப்பின் உயரத்தை உயர்த்துகிறது. காந்தத்தின் வடிவம் மாறினால் அலைவடிவமும் மாறுகிறது. காரில் கிடைக்காத மின்சாரத்தைச் சுருளுக்கு ஊட்டி ‘நன்று’ எனச் சான்றளிப்பதில் பொருளில்லை. காரின் மாக்னெட்டோவைப் போல நடிப்பதே கருவியின் தொழில்; காரை விஞ்சுவது அன்று.

தீப்பொறி வளையம்

முள்ளையும் வளையத்தையும் கடைசல் எந்திரத்தில் செய்துவிடலாம். வட்டம் மையம் பிறழாதிருப்பது மட்டுமே நிபந்தனை; பிறழ்ந்தால் ஒருபுறம் இடைவெளி குறுகி அப்புறத்துத் தீப்பொறிகள் போலி வலிமை காட்டும். இவற்றைத் தாங்கும் மின்காப்புப் பலகையில் நுண்விரிசல் இருந்தால் உயர் மின்னழுத்தம் அவ்வழியே கசிந்து கரிக்கோடு இடும். பிசின் ஊட்டி அழுத்திய தகடுகள் இன்று எளிதில் கிடைப்பதால் பழைய பலகையை ஒட்டவைத்துப் பயன்படுத்துவதைவிடப் புதிதாக வெட்டுவதே மேல்.

1.3 ஆம்பியர் என்னும் எண்

மாற்றுப் பாகங்களுள் மிகக் கடினமானது, கடையில் எளிதில் வாங்கத்தக்கதாகத் தோன்றும் அம்மீட்டர்தான். பழைய கருவியின் அம்மீட்டர் இயங்கு இரும்பு வகையைச் சேர்ந்தது. மின்னோட்டம் பாயும் சுருளுக்குள் சிறு இரும்புத்தகடு அசைந்து முள்ளைத் திருப்பும். விசை மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், அலைவடிவம் எதுவாயினும் ஏறத்தாழ அதன் பயனுறு மதிப்பையே முள் காட்டும். அளவுகோலின் தொடக்கத்தில் கோடுகள் நெருங்கியும் மேலே அகன்றும் இருப்பது இவ்வகையின் அடையாளம்.

இது பழுதானால், அதே துளையில் பொருந்தும் வேறொரு மாறுதிசை அம்மீட்டரை வைப்பது இயல்பாகத் தோன்றும். பிற்கால மீட்டர்களுள் பல, மின்திருத்தியும் இயங்குசுருளும் கொண்டவை. மலிவான எண்முறை மீட்டர்களும் அடிப்படையில் அவ்வாறே. அவை அளப்பது சராசரியை. எழுதிக் காட்டுவது சைன் அலைக்குரிய பயனுறு மதிப்பை. அதாவது சராசரியை 1.11-ஆல் பெருக்கிக் காட்டுகின்றன. சைன் அலைக்கு இது சரி. அதிர்தகட்டால் அறுக்கப்படும் மின்னோட்டம் சைன் அலை அன்று.

எளிமைக்காக, ஒவ்வொரு துடிப்பிலும் மின்னோட்டம் பாதிக் காலம் நேர்கோடாக உயர்ந்து உச்சத்தில் அறுபட்டு, மறுபாதிக் காலம் சுழியாக இருப்பதாகக் கொள்வோம். உச்ச மதிப்பை 1 எனின், அதன் பயனுறு மதிப்பு 0.408, சராசரி 0.25; திருத்தி வகை மீட்டர் காட்டுவது 0.278. இயங்கு இரும்பு மீட்டரில் 1.3 ஆம்பியர் காட்டும் சுருள், திருத்தி வகை மீட்டரில் 0.88 ஆம்பியரே காட்டும். இதனைக் காண்பவர் தகடு தளர்ந்துள்ளதென எண்ணி விறைப்பை ஏற்றுவார். முள் 1.3-ஐத் தொடும்போது உச்ச மின்னோட்டம் உரிய அளவைப்போல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகியிருக்கும். தீப்பொறி தாமதிக்கும், தொடுமுனைகள் விரைவில் தீயும். கருவியோ புத்தம்புது மீட்டருடன் விதிப்படியான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். பாகம் பொருந்தியது, அளவை தொலைந்தது.

ஆகவே 1.3 என்பது சுருளின் பண்பை மட்டும் குறிக்கும் எண் அன்று. குறிப்பிட்ட மாக்னெட்டோ, குறிப்பிட்ட அலைவடிவம், குறிப்பிட்ட மீட்டர்வகை ஆகிய மூன்றும் கூடிப் பிறப்பித்த எண் அது. பழைய வழிகாட்டிகள் எண்ணை மட்டும் எழுதின. மீட்டரின் வகையை விளக்கவேண்டிய தேவை அன்று இல்லை, ஏனெனில் எல்லாக் கூடங்களிலும் அதுவே இருந்தது. எல்லோரும் அறிந்ததை ஒருவரும் எழுதிவைப்பதில்லை. தொழில்நுட்ப ஆவணங்களைப் படிக்கும் வரலாற்றாய்வாளர் எதிர்கொள்ளும் பெரும் இடர்ப்பாடு இதுவே.

ஒன்றை ஒன்று சோதித்தல்

புதுப்பிக்கப்பட்ட கருவி சரியானதா என எவ்வாறு அறிவது? நல்ல சுருள் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். அச்சுருள் நல்லது என்பதைச் சொன்னது வேறொரு கருவி. அக்கருவியும் புதுப்பிக்கப்பட்டதாக இருப்பின் வாதம் வட்டமாகச் சுழலும். கூடங்கள் நிறைந்திருந்த காலத்தில் இச்சிக்கல் உறைக்கவில்லை; ஆயிரக்கணக்கான கருவிகளின் ஒருமிப்பே அளவையாக நின்றது. கருவிகள் சிலவாகச் சுருங்கியபோது ஒருமிப்பு கலைந்தது.

சுருளும் நிலையானதாக இல்லை. பழைய தாள் மின்தேக்கி ஈரத்தை ஈர்த்துக் கசியத் தொடங்கியதால், கீலைத் தோண்டி எடுத்து அவ்விடத்தில் 0.47 மைக்ரோஃபாரட் அளவுள்ள பிளாஸ்டிக் படல மின்தேக்கியைப் பொருத்துவது வழக்கமாகிவிட்டது. தொடுமுனைகளும் புதியனவாக வருகின்றன. அவற்றின் துணைத்தகடு 0.005 அங்குலம் இயங்குகிறதா என்பதை ஒவ்வொன்றிலும் அளந்த பின்னரே பொருத்துவது அனுபவமுடையோர் வழக்கம். இவ்வாறு சோதிக்கும் பொருளும் சோதிக்கப்படும் பொருளும் ஒருசேர மாறிவருகின்றன.

இவ்வட்டத்திலிருந்து வெளியேற ஆஸிலோஸ்கோப் வழி தந்தது. மின்னோட்ட உணரி ஒன்றின் துணையால் முதன்மைச் சுருளின் மின்னோட்டம் உயர்வதையும், எந்த மதிப்பில் எந்தக் கணத்தில் அறுபடுகிறது என்பதையும் திரையில் நேராகக் காணலாம். அன்றைய மெக்கானிக் முள்ளின் அசைவிலும் தீப்பொறியின் நிறத்திலும் ஊகித்ததை இது கோடாக வரைந்து காட்டுகிறது. பழைய எண்ணைப் புதிய மீட்டரில் தேடுவதைவிட, பழைய மீட்டர் எதனை அளந்தது என அறிந்து அதனை வேறு வழியில் அளப்பது இதன் நெறி.

காலத்தை அளக்கும் கருவி

அந்நெறியின் தொடர்ச்சியாக, சக்கரமும் காந்தமும் இல்லாத மின்னணுச் சோதனைக்கருவிகள் ஆர்வலர்களால் ஆக்கப்பட்டுள்ளன. இவை அறிந்த மின்னழுத்தத்தைச் சுருளுக்கு அளித்து, முனைகள் பிரிவதற்கு எத்தனை மில்லிநொடி ஆகிறது என எண்ணுகின்றன. பலமுறை அளந்து வேறுபாட்டையும் காட்டுகின்றன, மின்தேக்கியையும் அளக்கின்றன. நான்கு சுருள்களும் ஒரே காலத்தில் விழிக்க வேண்டும் என்பதே முதல் தேவை. ஆம்பியர் அத்தேவையை அடைய அன்றைக்கு வாய்த்த மறைமுக வழி. இந்த நோக்கில் மின்னணுக் கருவி பழையதின் போலி அன்று. பழையது சொல்ல முயன்றதை நேராகச் சொல்வது அதுவே.

எனினும் கையால் சுழலும் கருவிக்குப் பாகம் செய்வோர் குறையவில்லை. மின்னணுக் கருவி எண்களைத் தருகிறது. தீப்பொறி வளையமோ துடிப்பு ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் வைத்துக் காட்டுகிறது. அதிர்தகடு எங்கே தடுமாறுகிறது என்பதைச் சுழற்றுபவர் கையும் கண்ணும் ஒருசேர அறிகின்றன. பழகுநர் ஒருவருக்குச் சுருளின் செயலை விளக்க இதற்கு ஈடான கருவி இல்லை எனலாம்.

பாகம் செய்வோர் நோக்கில் இவ்விரண்டுக்கும் வேறொரு வேறுபாடும் உண்டு. வார்ப்பிரும்புச் சட்டம் உடைந்தால் உடைந்த துண்டுகளைச் சேர்த்து அளந்து மரமாதிரி செய்து மீண்டும் வார்க்கலாம்; வளையம் தேய்ந்தால் கடைந்துகொள்ளலாம். மின்னணுக் கருவியின் அறிவு ஒரு சில்லுக்குள் எழுதப்பட்ட நிரலில் உள்ளது. அச்சில்லின் உற்பத்தி நின்று, நிரலின் மூலப்படியும் வெளியிடப்படாதிருந்தால், பழுதான சில்லை அளந்து பார்த்து மற்றொன்று செய்ய இயலாது. எனவே இக்கருவிகளை ஆக்குவோர் நிரலையும் சுற்றுப்படத்தையும், எந்த மின்னழுத்தத்தில் எத்தனை மில்லிநொடி என்னும் வரையறையையும், அவ்வரையறை எந்தப் பழைய கருவியின் எந்த மீட்டரோடு ஒப்பிட்டுப் பெறப்பட்டது என்பதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டியுள்ளது. கைச்சுழற்சிக் கருவியைச் செய்தோர் எழுதாது விட்ட குறிப்பு அதுவே.